நாற்பத்திரண்டு சாவிகள்

திங்கட்கிழமை காலையில் சாவிக்காரர் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே கடைத்தெருவுக்கு வந்துவிட்டார். அன்று மஞ்சள் கோட்டு அவருடைய முறை. நகரத்தின் நட்டநடுவில் இருக்கும் அந்தத் தெருவில் கடைக்காரர்கள் சேர்ந்து பாதுகாப்புக் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். தினம் ஒருவர் பளபளக்கிற அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு, காலை பத்திலிருந்து மாலை ஆறுக்குள் தெருவை நாலு தடவை சுற்றி வரவேண்டும். யாருக்கு எந்த நாள் என்கிற பட்டியல் குழுச் செயலாளரான குடைக்காரரின் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்.

பட்டியலில் ‘சாவிக்கடை’ என்று எழுதியிருந்த இடத்தின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் ‘செருப்புக்கடை’ என்று எழுதியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். பசை இன்னும் காயவில்லை.

உள்ளே குடைக்காரர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த குடைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினால் பேச வேண்டியிருக்குமே என்று நிமிர்த்தவே இல்லை. சாவிக்காரரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்த பிறகு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று தன் இடத்துக்கு நடந்தார்.

அவர் இடம் என்பது ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். சாவி வெட்டும் மெஷின் ஒன்று, அரங்கள் ஒரு வரிசை, சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் உட்கார முடியவில்லை. கால் தன்பாட்டுக்கு ஆடியது. முதலில் வந்த பெண்ணுக்கு அலமாரிச் சாவியைத் தப்பாக வெட்டினார். இரண்டாவதையும் தப்பாக வெட்டினார். அந்தப் பெண் பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள்.

எதிர்ச்சாரியில் தையற்கடை. அதை நடத்துகிற பெண் அவரை அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சனிக்கிழமை தவறாமல் கத்தரிக்கோல்களைக் கொண்டுவந்து கொடுப்பாள், இவர் சாணை பிடித்துத் தருவார், அவள் அவருடைய சட்டையில் அறுந்த பொத்தானைக் கண்டுபிடித்துத் திட்டுவாள். இரண்டு சனிக்கிழமையாகக் கத்தரிக்கோல் வரவில்லை. அவள் இந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

எல்லாம் அந்தச் சாவிகளால் வந்த வினை. எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு விடுமுறை நாளில் பொம்மைக்கடையில் மின்கசிவால் தீப்பிடித்தது. கடைக்காரர் ஊரில் இல்லை. ஷட்டரைத் திறக்க வழியில்லாமல் தெருவே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. தீயணைப்புக்காரர்கள் வந்து அறுத்துத் திறப்பதற்குள் பக்கத்துக் கடையும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் குழு வந்தது. எல்லாக் கடைகளின் மாற்றுச் சாவியும் ஒரே பலகையில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது குடைக்காரரின் யோசனை. நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டு கடைக்கு நாற்பத்திரண்டு சாவிகளை நாலே நாளில் வெட்டிக் கொடுத்தது நம் சாவிக்காரர்தான். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்குக் கீழே கடை எண். பலகை குடைக்காரரின் இரும்பு அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

இருந்து என்ன பயன்? கடந்த ஒன்றரை மாதத்தில் மூன்று கடைகளில் திருட்டு. முதலில் செல்போன் கடை, அடுத்தது கடிகாரக் கடை, மூன்றாவது தையற்கடை. எதிலும் பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்து, எடுக்க வேண்டியதை எடுத்து, மரியாதையாகப் பூட்டிவிட்டும் போயிருந்தான் எவனோ ஒருவன். தையற்கடையில் மூன்று மெஷின்களோடு, ஒரு பள்ளிக்கூடம் சீருடை தைக்கக் கொடுத்திருந்த துணி மொத்தமும் போய்விட்டது. பலகையில் சாவிகள் வைத்தது வைத்தபடி தொங்கிக்கொண்டிருந்தன. அப்படியானால் அவற்றை வெட்டியவன் தனக்கென்று ஒரு செட்டு வெட்டி வைத்துக்கொண்டிருக்கிறான். தெரு இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்வையால் சொன்னது.

சாவிக்காரர் ஒன்றும் வெட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் திருடன் எப்படித் திறந்தான் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவரை உட்காரவிடாமல் அடித்தது.

தெருமுனையில் ஒரு பெரிய பேனர் தொங்கியது. ‘நம் தெரு, நம் பொறுப்பு’ என்று எழுதி, சாவிப் பலகை தயாரான அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு குடைக்காரர். மறுபக்கம் சாவிப் பலகை. நல்ல கேமரா, நல்ல வெளிச்சம். நிஜ சாவி சுண்டுவிரல் அளவென்றால் பேனர் சாவி முழங்கை அளவு. எந்தப் பல் ஆழம், எந்தப் பல் மேடு என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். கீழே கடை எண் வேறு. நாற்பத்திரண்டு பூட்டின் ரகசியத்தையும் ஊர் பார்க்க மாட்டிவைத்துவிட்டு, அதன் கீழேயே விசில் ஊதிக்கொண்டு காவல் காத்தார்கள்.

அதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். கடிகாரக் கடையில் திருட்டுப் போன அன்று தெருமுனையில் நின்று தேநீர் குடிக்கும்போது, தொழில் பழக்கத்தில், பதினேழாம் எண் சாவியின் பற்களை மனசுக்குள் படித்துவிட்டார். படித்து முடித்ததும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டார். பதினேழுதான் கடிகாரக் கடை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் உடனே போய்ச் சொல்லிவிடச் சொன்னாள்.

சொல்லலாம்தான். ஆனால் படத்தைப் பார்த்தே சாவி செய்யத் தெரிந்தவன் அந்தத் தெருவில் ஒரே ஒருவன். அந்த ஒருவன் போய், இப்படிச் செய்யலாம் என்று சொன்னால், நீதான் செய்தாய் என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்கள்? அதனால் சுற்றி வளைத்துப் பார்த்தார். பேனர் வெளுத்துப்போச்சு, கழற்றிவிடலாமே என்று குடைக்காரரிடம் மெல்ல ஆரம்பித்தார். அது வெயிலுக்கும் மழைக்கும் அசையாது, தன் முகம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது என்று குடைக்காரர் உச்சி குளிர்ந்து பதில் சொன்னார். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் காலையில் தையற்கடையைத் திறந்த அந்தப் பெண் வெறும் தரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து இவர் பார்த்தார்.

அந்தத் திங்கட்கிழமை மதியம், பேனரையாவது அறுத்துவிடுவது என்று முடிவு செய்தார். சாப்பாட்டு நேரத்தில் தெரு காலியாக இருக்கும் என்று கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கயிற்றுக்குக் கை எட்டவில்லை. எம்பிப் பார்த்தார், கல்லின் மேல் ஏறிப் பார்த்தார். பின்னால் விசில் சத்தம். மஞ்சள் கோட்டில் செருப்புக் கடைக்காரர், கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். கத்தியும் கையுமாகச் சாவிக்காரர் கல்லின் மேல் நிற்கிற படம் ஐந்து நிமிடத்தில் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கூடவே குடைக்காரரின் அறிவிப்பும்: மாலை ஆறு மணிக்கு அவசரக் கூட்டம், போலீஸ் அதிகாரியும் வருகிறார்.

அதற்கப்புறம் நாலு மணி நேரம் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. மெஷினை நாலு தடவை துடைத்தார். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று பூட்டைக் கையில் எடுத்தார். போனால் ஓடிவிட்டான் என்பார்கள். மனைவிக்குப் போன் செய்தார், அவள் எடுத்ததும் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்.

ஆறு மணிக்கு குடைக்கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சாவிக்காரருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. குடைக்காரர் எழுந்து, யார் மேலும் பழி போடுவது தன் நோக்கமில்லை என்று தொடங்கி, பத்து நிமிடம் ஒரே ஆள் மேல் பழி போட்டார். போலீஸ் அதிகாரி நடுத்தர வயதுப் பெண். எதையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாவிக்காரரைப் பார்த்து, நீங்க ஏதாவது சொல்லணுமா என்றார்.

எழுந்தார்.

“நான் செய்யலம்மா. ஆனா எப்படிச் செஞ்சான்னு தெரியும். அந்தப் பேனரைப் பாத்துச் செஞ்சிருக்கான்.”

குடைக்காரர் சிரித்தே விட்டார். படத்தில் இருக்கிற சாவி எந்த ஊரில் பூட்டைத் திறக்கிறது என்று கேட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் இவர். அதிகாரி சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒன்றாம் எண் சாவியைச் செய்யச் சொன்னார். ஒன்றாம் எண் குடைக்கடைதான். குடைக்காரர் தன் கையாலேயே ஷட்டரை இழுத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சாவிக்காரர் பேனருக்குக் கீழே போய் நின்று ஒரு துண்டுக் காகிதத்தில் கோடுகள் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து, வெட்டாத சாவி ஒன்றைப் பிடியில் மாட்டி, அரத்தால் ராவினார். தெருவே படிக்கட்டைச் சுற்றி நின்றது. இருபது நிமிடம் அரத்தின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த இருபது நிமிடமும் அவர் கால் ஆடவில்லை.

முதல் தடவை சாவி திரும்பவில்லை. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். இப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. திறக்காவிட்டால் பொய்யன், திறந்துவிட்டால் திருடன். சாவியை வெளியே எடுத்து மூன்றாவது பல்லில் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி போட்டார். பூட்டு கையோடு வந்தது.

யாரும் கைதட்டவில்லை. அங்கே நின்ற அத்தனை பேருடைய கையும் தங்கள் சட்டைப்பைக்கும் இடுப்புக்கும் கைப்பைக்கும் போய்த் தங்கள் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. தன் கடையின் திறந்த பூட்டைப் பார்த்துக்கொண்டே குடைக்காரர் சொன்னார்.

“அப்போ உங்களால முடியும்.”

“முடியும். அதனாலதான் வாயத் திறக்கல.”

அதிகாரி முதலில் பேனரை இறக்கச் சொன்னார். இந்த வேலை தெரிந்தவர்கள் நகரத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள், பேனர் ஏழெட்டு மாதமாக எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று குடைக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கூட்டம் லேசாகத் தளர்ந்தது. செருப்புக் கடைக்காரர்கூட இவர் பக்கம் ஒரு நாற்காலியை நகர்த்தினார். தப்பித்துவிட்டோம் என்று சாவிக்காரர் மூச்சுவிட்டபோது, பின்னாலிருந்து தையற்கடைப் பெண் கேட்டாள்.

“இது எப்போ தெரியும் உங்களுக்கு?”

அண்ணே என்று சொல்லவில்லை. இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, வீட்டில் இருக்கிற மனைவியைத் தவிர. அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

“கடிகாரக் கடையில போன அன்னைக்கே தெரியும்மா.”

அவள் மனசுக்குள் நாட்களை எண்ணுவது எல்லோருக்கும் தெரிந்தது. எண்ணி முடித்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து தெரு முழுக்கப் புதுப் பூட்டு. மாற்றுச் சாவி வெட்ட எல்லோரும் இவரிடம்தான் வந்தார்கள், தலைக்கு மேல் வேலை. ஆனால் ஒவ்வொருவரும் மெஷின் பக்கத்திலேயே நின்று, கண்ணிமைக்காமல் பார்த்து, இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு, தப்பாக வெட்டிய ஒன்று இருந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக் கண்ணாடியில் இருந்த பட்டியலில் குடைக்காரர் அந்த வெள்ளைத் துண்டைப் பிய்த்தெடுத்தார். அதோடு ‘சாவிக்கடை’ என்பதில் பாதி எழுத்தும் பிய்ந்து வந்துவிட்டது. தையற்கடைப் பெண் மட்டும் வரவில்லை. வேறு எங்கோ பூட்டு வாங்கியிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை, வெயில் இருக்கும்போதே அவள் ஷட்டரை இழுத்தாள். புதுப் பூட்டு பூட்டிக்கொள்ளவில்லை. சாவி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், ஆட்டினாள், கையால் குத்தினாள். எதிரே படிக்கட்டுக்கு அடியில் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து தலையை இடித்துக்கொண்டார், மறுபடி உட்கார்ந்தார். போனால் என்ன நினைப்பாளோ, போகாவிட்டால் என்ன நினைப்பாளோ என்று தவித்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. ஆனால் திரும்பிய முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனார். நாலடி தள்ளியே நின்று, பூட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“சாவிய என்கிட்ட காட்ட வேணாம்மா. உள்ள எந்த இடத்துல சிக்குதுன்னு மட்டும் சொல்லு, நான் இப்படியே நின்னு சொல்றேன்.”

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. முதுகைக் காட்டியபடியே அவர் சொன்னார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

“சொல்லியிருக்கணும்தான்.”

கொஞ்ச நேரம் பூட்டை ஆட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. சாவி பூட்டிலிருந்து விடுபட்டு வருகிற மெல்லிய ஓசை அவர் காதுக்குக் கேட்டது. அவர் திரும்பவில்லை.

“திரும்புங்கண்ணே. பாக்காம எப்படிச் சரி பண்ணுவீங்க?”