வலது பக்கம் பிறந்த கார்

என் அண்ணன் நிபால்டோ தாமிரச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். அந்த லாரியின் டயர் எங்கள் வீட்டு வாசற்படி நிலையைவிட உயரம். ஒரு வாரம் மலைமேல் அதை ஆமை வேகத்தில் உருட்டுவான். மறு வாரம் கீழே, சிலியின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் இக்கிகேக்கு வந்து, வேகமாகப் போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். அவன் மனைவி விட்டுப் போனதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். அவள் இப்போது மேட்டு ஊரில் ரவுல் என்பவரோடு இருக்கிறாள். ரவுலிடம் சாம்பல் நிறத்தில் ஒரு சீன வேன் உண்டு. பார்க்க அரிசி மூட்டை மாதிரி இருந்தாலும் அதன் காகிதங்களில் ஒரு குறை சொல்ல முடியாது.

அண்ணனின் மகள் அந்தோனெல்லா இந்த வருடம் பள்ளியை முடித்தாள். கடைசி வகுப்புக்காரர்களின் விருந்தில் என்ன சாப்பாடு என்று யாரும் கேட்பதில்லை. யார் எந்த வண்டியில் வந்து இறங்குகிறார்கள் என்று மொத்த வகுப்பும் மண்டப வாசலில் நின்று பார்க்கும். அண்ணனுக்கு அது போதும்.

"சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்ல கொண்டு வந்து எறக்குறேன்டி. சத்தியம்."

"ஏழாவது பொறந்த நாளுக்கும் சத்தியம் பண்ணினியேப்பா. குதிரை வாங்கித் தரேன்னு."

"அது குதிரை. இது கார்."

இந்த வாதத்தை அவள் ஏற்றுக்கொண்டாள். தோழிகளிடம் சொல்லியும் விட்டாள்.

ஊரின் வடக்கே, சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது தீர்வையில்லா வளாகம், உள்ளே இறக்குமதி வரி கிடையாது. ஜப்பானில் அலுத்துப்போன கார்கள் எல்லாம் கப்பலேறி அங்கேதான் வருகின்றன. ஜாவேத் பாயின் கொட்டகையில் அண்ணன் அதைக் கண்டுபிடித்தான். தாழ்வான, சிவப்பான, இரண்டு கதவுக் கார். கராச்சியிலிருந்து வந்து இங்கே இருபது வருடமாக வியாபாரம் செய்யும் ஜாவேத் பாய், சிலி நாட்டுக் கெட்ட வார்த்தைகளை எங்களைவிடச் சுத்தமாக உச்சரிப்பார். ஆனால் பொய் சொல்ல மாட்டார்.

"நிபால்டோ, இது உனக்கு ஆகாதுப்பா. பொலிவியாவுக்குப் போற சரக்கு."

"ஏன் பாய், என் காசுல ஓட்டையா?"

"ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கே, தெரியல?"

"மாத்திக்கலாமே. உள்ள செவேரோ மாத்துறாரே."

"மாத்தலாம். மாத்தினது வெளிய ஓட முடியாது. டேய் வக்கீலு, நீயாவது சொல்லேன்."

நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் அதற்குப் பெயர் வக்கீல். சொன்னேன். சட்டம் எளிமையானது. எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலது ஓரமாகப் போகும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்க வேண்டும். வலது பக்க ஸ்டியரிங்கோடு பிறந்த கார் எங்கள் சாலையில் ஓடக் கூடாது. அறுவை சிகிச்சை செய்து இடது பக்கம் மாற்றினாலும் கூடாது, பிறப்பு பிறப்புதான். ஜப்பானில் எல்லாக் காரும் வலது பக்கம்தான் பிறக்கிறது. ஆகவே வளாகத்துக்குள் ஸ்டியரிங்கை மாற்றி, லாரியில் ஏற்றி, எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டும். எங்களைக் கொல்லும் கார் பொலிவியாக்காரர்களைக் கொல்லாது என்பது சட்டத்தின் கருத்து.

அண்ணன் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப, அது எந்தப் பக்கம் பொறந்ததுன்னு தெரியாம இருந்தா சரிதானே?"

செவேரோ வளாகத்து மெக்கானிக், பொலிவியாக்காரர். மற்றவர்களுக்கு ஸ்டியரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, வேகம் காட்டும் மீட்டரை வலது பக்கமே விட்டுவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் வேகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. மீட்டர், பெடல், விளக்குகள், டாஷ்போர்டுப் பெட்டி, எல்லாம் இடம் மாறின. சுரங்கத்துப் போனஸ் முழுவதும் அதில் கரைந்தது. முடிந்தபோது பெற்ற தாயான தொழிற்சாலைக்கே அடையாளம் தெரியாது.

வளாக வாசலில்தான் சோதனைக் கொட்டகை. அங்கே தேறினால் பதிவெண் கிடைக்கும், வெளியே போகலாம். விருந்துக்கு முந்தைய வாரம் கொண்டுபோய் நிறுத்தினோம். சோதனை அதிகாரி மாலுவெண்டா என்ற பெண். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், கதவுகளைத் திறந்து மூடினார்.

"பொறப்புலயே இடதா?"

"ஆமாங்க மேடம்."

"நல்ல வேலை" என்றார், தனக்குத்தானே. பிறகு, "வைப்பரப் போடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் ஊரில் மழை பெய்யாது. வைப்பர் என்பது போக்குவரத்துக் காவலர்கள் அபராதச் சீட்டைச் செருகுவதற்காகக் கார்களில் வைத்திருக்கும் கிளிப் என்றே பாதி ஊர் நம்புகிறது. அண்ணனுக்குச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. தேடி அழுத்தினான்.

கண்ணாடி முழுக்கப் பாலைவனத் தூசி. வைப்பர்கள் வறட்டு வறட்டென்று இழுத்தன. வலது ஓரம் கடைசி அங்குலம் வரை பளிச்சென்று ஆனது. இடது ஓரத்தில், அண்ணன் முகத்துக்கு நேராக, ஒரு கை அகலத்துக்குத் தூசி அப்படியே நின்றது.

"எந்த ஊருங்க மேடம் நீங்க?" என்றான் அண்ணன், மெதுவாக.

"வால்டிவியா. வருஷம் பூரா மழை." அவர் பேனாவை மூடினார். "ஓட்டுறவன் பக்கம்தான் வைப்பர் முழுசாத் தொடைக்கும். உங்க வண்டி பக்கத்துல ஒக்காந்திருக்கவனுக்குத் தொடைக்குது. எங்க ஊர்ல சின்னக் கொழந்த கூடக் கண்டுபிடிச்சிரும்."

"மேடம், பொண்ணுக்கு அடுத்த சனிக்கிழமை விருந்து. ஒரே ஒரு ராத்திரி."

"நான் வேணாங்கல. இது பொலிவியாவுக்குப் போகட்டும்."

"எனக்குப் பொலிவியால யாரும் இல்லயே மேடம்."

அதற்குச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

பொலிவியா லாரி விருந்து முடிந்த திங்கட்கிழமைக்கு ஏற்பாடாகியிருந்தது. ஜாவேத் பாய் அதுவரை காரைக் கொட்டகையில் வைத்துக்கொண்டார், வாடகை பேசவில்லை. சனிக்கிழமை மாலை அந்தோனெல்லா வளாக வாசலுக்கு வந்தாள். பச்சைப் பட்டு கவுன், உயரமான செருப்பு. கொண்டுவந்து விட்டது சாம்பல் நிற வேன்.

"உள்ள ஒரு ரவுண்டு வா" என்றான் அண்ணன்.

காவலாளி கையைக் காட்டினான். "இருபதுக்கு மேல போகக் கூடாது தலைவா."

ஜப்பான்காரர்கள் பின்சீட்டு என்று நம்புகிற இடத்தில் நான் மடங்கி உட்கார்ந்திருந்தேன். கன்டெய்னர்களுக்கு நடுவே போனோம். எஞ்சின் கட்டிப்போட்ட நாய் மாதிரி உறுமியது.

"எவ்வளவு வரைக்கும் போகும்பா?"

"இருநூத்தம்பது."

"இப்ப எவ்வளவு போகுது?"

"பதினெட்டு."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ரேடியோவைப் போட்டாள், ஜப்பான் அலைவரிசை, வெறும் இரைச்சல்தான் வந்தது. அணைத்தாள். திரும்பி வாசலுக்கு வந்ததும் அவன் கேட்டான்:

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"எதுக்குப்பா? இங்க யாரு பாக்கப் போறா." சொன்ன பிறகு அவளுக்கே உறைத்தது. "நீயும் வாயேன். வேன்ல எடம் இருக்கு."

"நான் வண்டியப் பாத்துக்கறேன்."

திருட்டுப் போகாத ஒரே கார் அது. திருடன் அதை எங்கே ஓட்டுவான்?

அவள் சாய்ந்து அவன் கன்னத்தில் முத்தமிட்டு இறங்கினாள். "கதவு அழகா சாத்துதுப்பா" என்றாள்.

வேன் இடது பக்கம் நின்றிருந்தது. அவள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்க்க முயன்றான். மறுபடி தூசி படிந்திருந்தது. இந்த முறை சுவிட்ச் இருக்கும் இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. வைப்பர்கள் எழுந்து, வலது பக்கத்து வெற்றுச் சுவரைப் பளிச்சென்று காட்டின. அவன் பக்கத்துத் தூசிப் பட்டை அப்படியே நின்றது. அவள் அதன் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தாள்.

அவன் தலையைச் சாய்த்துப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தும் பார்க்கவில்லை. வைப்பரை அணைக்கவும் இல்லை.

"டேய் வக்கீலு," என்றான். "வேன்ல ஏறிட்டாளா?"

"ஏறிட்டாண்ணே."