கனவுக்குப் போட்ட மார்க்

பிரான்சி தூங்கிவிட்டாள். வினையெல்லாம் அதில்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு நிறைய மீன் குழம்பு, ஜன்னலில் கொள்ளிடத்துக் காற்று, மடியில் லேப்டாப். யாராக இருந்தாலும் கண் அசரத்தான் செய்யும்.

பாலக்கரையில் அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வரி படிக்க முடியாது. ஒரு பக்கம் ஆட்டோ, ஒரு பக்கம் மைக் செட். அதனால் துபாயில் இருக்கும் தங்கை லிசியின் ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுவாள். பிரான்சி கல்லூரியில் நிலவியல் பேராசிரியை. வெளிநாட்டு அறிஞர் ஒருவரைச் சில மாதம் வருகைப் பேராசிரியராக அழைத்துக்கொள்ள நிதி கேட்டுக் கல்லூரிகள் எழுதும் விண்ணப்பங்களை மதிப்பிடுவது, இருபது வருஷமாக அவளோடு ஒட்டிக்கொண்ட வேலை. படிப்பாள், மார்க் போடுவாள், 'ஆலோசனை' என்ற கட்டத்தில் தன் மனசில் உதித்த நல்லதையெல்லாம் கொட்டிவிடுவாள். மதிப்பிட்டவர் பெயர் வெளியே தெரியாது. யோசனை மட்டும் யார் யார் வீட்டுக்கோ போய் அமோகமாக வாழும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எங்கே வளர்ந்தது? தனக்கென்று ஒரு விண்ணப்பம்கூட அவள் எழுதியதில்லை. ஓய்வு நெருங்குகிறது. விதிப்படி வருகிற ஆடியில் எழுதினால் உண்டு, விட்டால் அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்தது கடலோரக் கல்லூரி ஒன்றின் இளம் ஆசிரியருடையது. மணல் ஆறுகளுக்கு அடியில் ஓடும் நீரை ஆராய்கிற ஓர் அறிஞரை அழைக்க வேண்டுமாம். மூன்றாம் பக்கத்தில் கண் சொருகியது.

கொள்ளிடம் வெள்ளையாக, கரையே இல்லாமல் விரிந்து கிடந்தது. பிள்ளைகள் வரிசையாக மணலில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பதித்து, ஒரு காதைப் பூமிக்குக் கொடுத்திருந்தார்கள். நடுவே தொப்பி போட்ட ஒருவர் சத்தமில்லாமல் நடந்தார். அடியில் தண்ணீர் பேசிக்கொண்டே போனது. மாடியில் படுத்திருக்கும்போது கீழ்வீட்டுக் கல்யாணப் பேச்சு கேட்குமே, அப்படி. சொல் புரியவில்லை, சந்தோஷம் மட்டும் புரிந்தது. ஒரு பெண் தலை தூக்காமலே, "மேடம், தண்ணி இங்க திரும்புது" என்றாள். எல்லாக் காதுகளும் அந்தப் பக்கம் நகர்ந்தன.

விழித்தபோது கன்னத்தில் மணல் ஒட்டியிருப்பதாகவே தோன்றியது. அந்த மயக்கம் தெளியுமுன் மடமடவென்று அறிக்கையை எழுதி, தொண்ணூற்று நாலு போட்டு அனுப்பினாள். இரண்டாவது மதிப்பீட்டாளர் போட்டது ஐம்பத்தாறு.

இவ்வளவு வித்தியாசம் வந்தால் இருவரும் பேசி ஒரே மார்க்குக்கு வர வேண்டும். அப்போதுதான் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும். பார்த்தால், அவர் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஹரிஹரசுதன், இருப்பதோ அதே ஸ்ரீரங்கம், நாலு தெரு தள்ளி! கம்ப்யூட்டரில் முகம் பார்ப்பானேன் என்று அடுத்த ஞாயிறு அவரே வந்துவிட்டார்.

காபியைக் குடித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். "மேடம், பசங்க மணல்ல காது வெச்சு ஓட்டத்தைக் கேக்கறது ரொம்ப அபூர்வமான முறைன்னு எழுதியிருக்கேளே, அது எந்தப் பக்கத்துல வரது? நானும் மூணு தரம் படிச்சுட்டேன்."

பிரான்சி தேடினாள். முன்னே போனாள், பின்னே வந்தாள். பத்துச் சொற்பொழிவு, ஒரு பயிலரங்கம், ஒரு நிறைவு விழா. காதும் இல்லை, மணலும் இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டினது போல ஆகிவிட்டது.

"சார்... அது இதுல இல்லைங்க. படிக்கிறப்ப தூங்கிட்டேன். கனவுல வந்துச்சு."

"ரங்கா!" என்றார் அவர். சிரிக்கப்போகிறார் என்று அவள் தலை குனிந்தாள். அவரோ நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "வந்தவர் முகம் எப்படி இருந்தது?"

"முகம் தெரியலைங்க சார். கால்ல என் செருப்பைப் போட்டிருந்தாரு."

அதன் பிறகு இருவரும் விழித்த கண்ணோடு வரி வரியாகப் படித்தார்கள். ஐம்பத்தெட்டு. தேறாது. பாவம், எழுதியவனுக்கு உழைப்பு இருந்தது, உயிர்தான் இல்லை. பிரான்சிக்கு மனசு அடித்துக்கொண்டது. கனவு கண்டது இவள், நம்பிக்கை போனது அவனுக்கு.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் ஹரிஹரசுதன். "அந்தக் காது விஷயத்தை ஆலோசனையாப் போட்டுடுங்கோ. அடுத்த தடவை சேர்த்து எழுதினான்னா நிச்சயம் கிடைச்சுடும்."

கை பழக்கதோஷத்தில் கட்டத்துக்குப் போயிற்று. 'மாணவர்கள்' என்று தட்டியும் விட்டது. அங்கே நின்றது. கனவின் மணல் இன்னும் கன்னத்தில் உறுத்துவது போலிருந்தது.

"மாட்டேன் சார்." தட்டிய சொல்லை அழித்தாள். "இருபது வருஷமாக் குடுத்துட்டேன். இதைக் குடுக்க மாட்டேன். இது எனக்கு வேணும்."

சொல்லிவிட்டு அவளே மிரண்டாள். மதிப்பிட வந்த விண்ணப்பத்திலிருந்து ஒரு துரும்பையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் இந்த வேலையின் முதல் தர்மம்.

அவர் விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஒருதரம் நிதானமாகப் பார்த்தார். பிறகு கூட்டறிக்கையில் தன் கையாலேயே தட்டினார்: 'காது வைத்துக் கேட்கும் முறை இந்த விண்ணப்பத்தில் எங்கும் இல்லை. அது முதல் மதிப்பீட்டாளரின் சொந்த யோசனை. எனவே நீக்கப்பட்டது.'

"இதுல இல்லைங்கறதுக்கு நான் சாட்சி. இனிமே யாரும் உங்களை எதுவும் கேக்க முடியாது," என்றார்.

பிரான்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த இளைஞனுக்கு வேறு நல்ல ஆலோசனைகள் நாலு, தாராளமாகவே எழுதினாள்.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் கொள்ளிடத்தில் இறங்கினார்கள். மணல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று பேராசிரியை பிரான்சி குப்புறப் படுத்தாள். அவர் செருப்புக்குக் காவல் நின்றார்.

"ஏதாவது கேக்கறதா?"

"பேசாம இருங்க சார்."

தொம் தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. அடியில் ஓடுவது தண்ணீரா, அடித்துக்கொள்வது தன் நெஞ்சா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத் தெரிந்த ஒருவரைத்தான் இந்த ஊருக்கு வரவழைக்க வேண்டும் என்று, கன்னத்தில் மணலோடு, தன் விண்ணப்பத்தின் முதல் வரியை அவள் மனசுக்குள் எழுதினாள்.