சமையலறை வசதி உண்டு

மூன்று வாரம் செல்போனைத் தேய்த்துத்தான் அந்த வில்லாவைக் கண்டுபிடித்தேன். சத்தியமங்கலம் பக்கம், பவானிக் கரையில். ஆற்றைப் பார்த்தபடி இரண்டு பிரம்பு நாற்காலிகள். அதெல்லாம் இருக்கட்டும், நான் விழுந்தது ஒரே வரியில்தான்: சமையலுக்கு ஆள் உண்டு, ஹலால் கறி கிடைக்கும். பதினேழு வருடத்துக்கு முன் நிதாவைப் பெற்று அம்மா வீட்டில் நாற்பது நாள் கிடந்தேன். அதன்பிறகு அடுப்பு எனக்கு லீவே விட்டதில்லை. இரண்டு நாள் அதன் முகத்தில் விழிக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"உனக்குப் புடிச்சாச் சரி ரம்லா" என்றார் என் வீட்டுக்காரர் கலீல் ரஹ்மான்.

கெடுத்தது நான்தான். மறுநாள் நாத்தனார் உம்மல் குல்சும் வந்திருந்தபோது படங்களைக் காட்டினேன். எங்கேயாவது கிளம்பினால் எதிரில் இருப்பவரையும் கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை. "இருக்கட்டும், போயிட்டு வாங்க" என்பது அவர்கள் மரியாதை. அதோடு முடிந்துவிடும்.

"நீங்களும் வாங்களேன்க்கா" என்றேன்.

"நீ கூப்புட்டு வராம இருப்பனா கண்ணு?"

சாயங்காலத்துக்குள் கொழுந்தனார் ஆசிப் வீடு வரை தகவல் போய்விட்டது. எல்லாரையும் ரம்லா கூப்பிட்டாளாம். தலை எண்ணினால் பதினைந்து. என் வில்லாவில் ஆறு பேர்தான் தங்கலாம்.

இவர் பத்தே நிமிடத்தில் வேறொன்றைப் பிடித்தார். "பாரு, எத்தாப் பெரிய கிச்சன்! நம்ம பிரியாணி தேக்சாவே வெக்கலாம். உன்ற கைப்பக்குவம் சமையல்காரனுக்கு வருமா?"

"ஏனுங்க, ரெண்டு நாளாவது நான்..."

"அக்காளக் கூப்புட்டது நீதான?"

பதினைந்து பேருக்குப் பிரியாணிச் சாமான் எழுத உட்கார்ந்தேன்.

அங்கேயும் ஆறு இருந்தது, வீட்டுக்குப் பின்னால். சமையலறை ஜன்னல் ஜெனரேட்டரைப் பார்த்திருந்தது. பதினைந்து பேருக்கு இட்லி, பிரியாணி, ராத்திரிக்குப் பரோட்டா. தண்ணீரிலிருந்தே ஆசிப் "அண்ணி, டீ!" என்று கத்துவான். "அம்மா, வாங்க, காலையாவது நனைங்க" என்று நிதா கூப்பிட்டபோது பிரியாணி தம்மில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் உப்பை அள்ளிக் கொட்டலாமா என்றிருந்தது. கை என்னவோ அளவாகத்தான் போட்டது. பாழாய்ப்போன கை.

கிளம்பும் நாள், பின்பக்கக் குழாயடியில் தேக்சாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வில்லாவைப் பார்த்துக்கொள்ளும் வெங்கடலட்சுமி வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, உங்களச் சமையலுக்கு எந்தூர்ல இருந்து கூட்டியாந்தாங்க?"

"கோயமுத்தூருங்க."

"எங்க முதலாளிக்கு இன்னொரு வில்லா இருக்குதுங்க. நல்ல ஆளாத் தேடறாங்க. தனி ரூம்பு குடுப்பாங்க, வாரத்துக்கு ஒரு நாள் லீவுங்க. நம்பர் குடுங்களே."

நான் வேலைக்கு வந்தவள் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். லீவு என்றதும் வாய் நின்றுவிட்டது.

திரும்பும்போது வேனில் இதைச் சொன்னேன். ஒரே சிரிப்பு. குல்சும் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நம்மூட்டுச் சமையல்காரியவே தூக்கிட்டுப் போகப் பாக்கறாங்களே!" என்றார் இவர்.

நம்பரைக் கொடுத்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கொடுத்திருந்தேன்.