பூஜையில் இருந்த டிஸ்க்

இனியவனின் கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தன. எதைப் பதிந்தாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மச்சான் சீனுவாசன் பொருத்திக் கொடுத்த அமைப்பு; 'ரெய்டு' என்பான். இனியவனுக்கு அதில் அபார நம்பிக்கை. மனைவி அம்சவள்ளிக்கு இல்லை. தனியாக ஒரு வெளி டிஸ்க் வாங்கி, அமாவாசைதோறும் எல்லாவற்றையும் அதில் ஏற்றி பீரோவில் வைத்துவிடுவாள்.

2011ஆம் ஆண்டு ஆயுத பூஜை. திண்டிவனம் வீட்டில் விடிந்ததிலிருந்தே ஒட்டடை, கழுவல், துடைப்பு. கம்ப்யூட்டரைத் துடைத்த இனியவன், உள்ளேயும் சுத்தம் செய்யலாமே என்று உட்கார்ந்தான். 'பழசு' என்று ஒரு ஃபோல்டர். முந்தைய கம்ப்யூட்டரின் குப்பை என்று நினைத்து, ஒரேயடியாக அழித்தான்.

அம்சவள்ளி தையல் மெஷின், கத்தரிக்கோல், கம்ப்யூட்டர், வெளி டிஸ்க் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள்.

பொரியை மென்றுகொண்டிருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. மகள் ரோஜா பிறந்ததிலிருந்து ஆறு வருஷப் படங்களையும் அம்சவள்ளி பழக்கதோஷத்தில் அந்த 'பழசு'க்குள்தான் போட்டுவந்தாள். இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே எழுதுமென்றால் சேர்ந்தே அழிக்கவும்தானே செய்யும்?

"இன்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னான். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு போனா ஒண்ணு கீதுன்னு அலட்டிக்கினு இருந்தீங்களே!"

"உன் டிஸ்க்ல இருக்குமில்ல?"

அவள் விரல்விட்டு நாள் எண்ணினாள்.

"இடம் பத்தலன்னு பழைய காப்பிய அழிச்சிட்டுத்தாங்க புதுசு ஏத்துவேன். போன அமாவாசைக்கு ரோஜாவுக்கு ஜுரம். அழிச்சது ஞாபகம் கீது. ஏத்துனது ஞாபகம் இல்ல."

அவன் கை வெளி டிஸ்க்கை நோக்கிப் போனது.

"தொடாதீங்க. சூடம் காட்டியாச்சு. நாளைக்குத்தான்."

கையை இழுத்துக்கொண்டான். வற்புறுத்தினால் விட்டுவிடுவாள் என்று தெரியும். வற்புறுத்தத் தோன்றவில்லை. இருவரும் பூஜைக்கு முன்னாலேயே உட்கார்ந்தார்கள். பிறகு அவள் மெல்ல, "வளவனூர்ல மல்லாட்டைய உரிச்சு உரிச்சு வாய் நிறைய அடைச்சிக்கினு நின்னாளே, அந்தப் படம்," என்றாள். அவன் இன்னொன்றைச் சொன்னான். சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ரோஜாவுக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் டிஸ்க்கை இணைத்தான். 'பழசு' திறந்தது. எல்லாம் இருந்தன. கடைசிப் படத்தில் நெற்றியில் ஈரத்துணியோடு ரோஜா முறைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பின் எடுத்த எட்டு நாள் படங்கள் மட்டும் இல்லை. போகட்டும் என்றிருந்தது.

சீனுவாசனுக்குப் போன் போட்டான்.

"மச்சான், அந்த ரெய்டப் பிரிச்சு ஒரு டிஸ்க்க வெளியில வைக்கிற மாதிரி குடு. உங்க அக்கா இனிமே பழைய காப்பிய அழிக்காம இன்னொண்ணுல புதுச ஏத்தட்டும்."

"உள்ள இருக்கிறது செத்துப்போனா, மாமா?"

"சாவட்டும்டா. அக்கா பாத்துக்குவா."

உள்ளே அம்சவள்ளி சிரிப்பது கேட்டது.