பதினாலாவது பெயர்

"இடது கையையும் பாருங்க. விரல் இடுக்குல நல்லா விரிச்சுப் பாருங்க. ஊசி குத்துன மாதிரி ரெண்டு புள்ளி இருக்கான்னு பாருங்க" என்று பர்வீன் பானு போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனை நடைவழியின் இரும்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கலைக்கூடத்தின் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. போனின் அந்தப் பக்கம் ஒரு தகப்பன் பிள்ளையை அதட்டுவதும் குழாயைத் திறப்பதும் கேட்டன.

"ஒண்ணும் இல்ல டீச்சர். பசைதான் காஞ்சு போயி ஒட்டியிருக்கு. என்ன விஷயம்?"

"வயித்த வலிக்குதுன்னானா? கண்ணு சொருகுதா?"

"இல்லையே. வெளையாடப் போகணும்னு நிக்கிறான்."

"எங்குட்டும் அனுப்பாதீக. தூங்கவும் விடாதீக. ஒரு மாதிரி இருந்தா நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துருங்க."

எட்டாவது பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். அவசரத்தில் கோடு பக்கத்துப் பெயரிலும் ஏறிவிட்டது. இன்னும் ஆறு பேர்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி ஜியாவுதீன் படுத்திருந்தான். துபாயில் பன்னிரண்டு வருஷம் விளம்பரப் பலகை எழுதிவிட்டுத் திரும்பி வந்தவன். காரைக்குடியில் பழைய நெல் கிட்டங்கியைக் கலைக்கூடமாக மாற்றிய பிறகு, அங்கே எம்ப்ராய்டரி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பர்வீன்தான் அவனையும் கூட்டிப் போனாள். சனிக்கிழமைகளில் காகிதக்கூழில் யானையும் மீனும் செய்யச் சொல்லிக் கொடுத்தான். அந்த அறையிலிருந்து வரும் கூச்சலில் அவளுடைய வகுப்புப் பெண்களுக்கு ஊசியில் நூல் கோப்பதே பெரும் பாடாக இருக்கும்.

இன்று காலை பத்தரை மணிக்கு அவன் அவள் அறை வாசலில் வந்து விரலை நீட்டினான்.

"லாத்தா, இதைக் கொஞ்சம் பாரு. பழைய பேப்பர்க் குவியல்ல கையை விட்டேன், ஏதோ குத்திருச்சு."

ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் புள்ளி மாதிரி ஏதோ தெரிந்தது. வீக்கம் இல்லை. ரத்தம்கூட இல்லை.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

"பேப்பர்க் கட்டுல ஸ்டேப்ளர் பின் இருந்திருக்கும். கழுவிட்டுப் போ. பிள்ளைக கத்துறது தெருவரைக்கும் கேக்குது."

அவன் சிரித்துக்கொண்டு போனான். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்தன. ஒரு மணிக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் முதல் வாயை விழுங்க முடியாமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். வயிற்றை வலிக்கிறது என்றான். அவன் மனைவி சுஹானா தண்ணீரோடு வந்தபோது அவன் இமைகள் பாதி இறங்கியிருந்தன. தூக்கம் வருகிறதா என்று அவள் கேட்டாள். இல்லை, திறக்க முடியவில்லை என்றான். நாக்கு தடித்திருந்தது.

ஆட்டோவில் வரும்போது பர்வீனின் தோளில் சாய்ந்திருந்தவன் ரொம்பச் சிரமப்பட்டு ஒன்று சொன்னான். முதல் முறை அவளுக்குப் புரியவில்லை. காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"பிள்ளைகளும்... கையை விட்டாங்க... லாத்தா."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

டாக்டர் விரலைப் பார்த்தார், இமைகளைத் தூக்கிப் பார்த்தார். எங்கே கைவைத்தான் என்று கேட்டார். கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்துராமனுக்குப் போன் போனது. அவரும் கூட்டிப் பெருக்கும் காளியாயியும் கம்பை வைத்துக் குவியலைப் புரட்டினார்கள். அடியில், ஈரமாயிருந்த செய்தித்தாள்களுக்கு நடுவில், கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களோடு சுருண்டு கிடந்தது கட்டுவிரியன். முத்துராமன் படம் எடுத்து அனுப்பினார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போனார்.

கட்டுவிரியன் கடித்தால் வலிக்காதாம். வீங்காதாம். பல நேரம் கடித்த இடமே தெரியாதாம். நர்ஸ் சொல்லச் சொல்லப் பர்வீன் கேட்டுக்கொண்டு நின்றாள். தான் எதைப் பார்த்தோம், எதைச் சொல்லி அனுப்பினோம் என்பதை நினைக்க அப்போது அவளுக்குத் தெம்பில்லை. பதினாலு பிள்ளைகள். அத்தனையும் அந்தக் குவியலைக் கிளறிக் காகிதம் கிழித்தவை. பாதிப் பிள்ளைகள் இந்நேரம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கும். தூங்கும் பிள்ளையின் கண் சொருகுவதை எந்தத் தாய் கண்டுபிடிப்பாள்?

முத்துராமன் பதிவேட்டோடு ஓடி வந்ததும் அவள் முதல் எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.

ஒன்பது, பத்து, பதினொன்று. ஒரு தாய் போனிலேயே அழுதுவிட்டாள். இன்னொரு வீட்டில் பிள்ளையின் விரலில் புள்ளி இருப்பதாகச் சொன்னார்கள். உடனே கூட்டி வந்தார்கள். பேனா மை. டாக்டர் பஞ்சால் துடைத்துக் காட்டியபோது அந்தத் தகப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு. பதிமூன்று.

பதினாலாவது பெயர் சத்தியப்பிரியா. எட்டு வயது. போன் அணைந்திருந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே குரல்.

"அமராவதிபுதூர் பிள்ளை" என்றார் முத்துராமன். "அம்மா ஒச்சம்மாள் இங்க ஒரு மெஸ்ல வேலை பாக்குறா. சனிக்கிழமை அரைநாள். மெஸ்ல கேட்டுட்டேன் டீச்சர், பிள்ளையக் கூட்டிக்கிட்டு அப்பவே பஸ் ஏறிட்டாளாம். வீடு எங்குட்டுன்னு அவுகளுக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும். ஒரு நாள் மழையில கொண்டு போயி விட்டிருக்கேன்."

அப்போது டாக்டர் வெளியே வந்தார். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, ஆனால் மூச்சு தளர்ந்துகொண்டே போகிறது, சிவகங்கைக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது என்றார். சுஹானா எழுந்து பர்வீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நீங்களும் ஏறுங்க. எனக்குப் பயமா இருக்கு."

பர்வீன் உள்ளே போனாள். ஜியாவுதீனின் இமைகள் முழுவதும் மூடியிருந்தன. வாயில் குழாய். நர்ஸ் பலூன் போன்ற பையை அழுத்தி அழுத்தி மூச்சை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குக் கேக்கும்" என்றாள் நர்ஸ் மெதுவாக. "கண்ணத் திறக்க முடியல, பேச முடியல, அவ்வளவுதான். நினைவு இருக்கு."

பர்வீன் தம்பியின் உள்ளங்கையில் விரலை வைத்தாள். இவ்வளவும் கேட்டுக்கொண்டா கிடக்கிறான்? இருட்டுக்குள் தனியாக, பதினாலு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டா?

குனிந்து காதருகே சொன்னாள். "ஜியா, எல்லா வீட்டுக்கும் பேசிட்டேன். பதினாலு பேரும் நல்லா இருக்காக. ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல."

அவன் விரல் லேசாக மடங்கியது மாதிரி இருந்தது. இல்லை, அவள் விரல்தான் நடுங்கியதோ.

வெளியே வந்து சுஹானாவை ஆம்புலன்ஸில் ஏற்றினாள். முத்துராமனை உடன் ஏறச் சொன்னாள். சுஹானா உள்ளே இருந்தபடி அவளையே பார்த்தாள்.

"நீங்க வரலையா?"

"பின்னாடியே வாரேன். நீ அவன் கையை விட்டுறாத."

கதவு சாத்தப்பட்டது. வண்டி ஒரு பக்கம் போக, அவள் ஏறிய ஆட்டோ தேவகோட்டை சாலையில் திரும்பியது.

போகிற வழியெல்லாம் அவள் போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். அணைந்தே இருந்தது. வேகமாகப் போகச் சொல்லி ஆட்டோக்காரரிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆம்புலன்ஸ் ரொம்ப தூரம் போயிருக்காது. இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பதிமூன்று பேருக்கும் ஆகவில்லையே. காலையில் விரலைப் பார்த்துவிட்டு இப்படித்தானே ஒன்றும் இருக்காது என்று சொன்னோம் என்பது அப்போதுதான் முழுசாக அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஒச்சம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வருகிறவளைப் பார்த்துச் சாம்பல் கையோடு எழுந்தாள்.

"என்ன டீச்சர், இந்த வெயில்ல?"

"பிள்ளை எங்க?"

"உள்ள தூங்குறா. வந்ததுல இருந்து ஒரே தூக்கம். வயித்த வலிக்குதுன்னு சோறுகூட திங்கல. போன்ல சார்ஜ் இல்ல டீச்சர், கூப்பிட்டீகளா?"

பர்வீன் செருப்போடு உள்ளே போனாள். இருட்டறையில் பாயில் பிள்ளை ஒருக்களித்துக் கிடந்தது. தட்டினாள். அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பிரியா. பிரியா, எந்திரி. கண்ணத் திற."

பிள்ளை முனகியது. இமை அசைந்தது. அப்படியே நின்றது. பின்னால் ஒச்சம்மாள் என்ன டீச்சர், என்ன டீச்சர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பர்வீன் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தாள்.

கண்கள் திறந்தன. முழுதாக, அகலமாக, எரிச்சலோடு திறந்தன.

"நாக்கை நீட்டு. எச்சில் முழுங்கு. உன் பேரைச் சொல்லு."

"சத்தியப்பிரியா. ஏன் டீச்சர்?"

"வயிறு எப்ப இருந்து வலிக்குது?"

பிள்ளை அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "கொடுக்காப்புளி நெறையத் தின்னுட்டேன். அம்மாகிட்டச் சொல்லாதீங்க."

பர்வீன் அதன் வலது கையை எடுத்து வாசல் வெளிச்சத்தில் விரித்தாள். "காலையில பேப்பர்க் குவியல்ல கையை விட்டியா?"

"இல்ல டீச்சர். எனக்குக் கையில புண்ணுல்ல? ஜியா சார் நீ பசை மட்டும் கலக்கு, பேப்பரு நான் எடுத்துத் தாரேன்னாரு. அவர்தான் எடுத்துத் தந்தாரு."

பையில் போன் அடித்தது. முத்துராமன். அவள் எடுத்துக் காதில் வைத்தாள். வண்டிச் சத்தமும் அதற்குள் சுஹானாவின் அழுகையும் மட்டும் வந்தன.

"டீச்சர்" என்றார் அவர். "சிவகங்கைக்குப் போகல. பாதியிலேயே திரும்பிட்டோம். நீங்க அவசரப்படாதீக. மெதுவா வீட்டுக்கு வாங்க."

"சரி" என்றாள்.

போனைப் பாயில் வைத்தாள். ஒச்சம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அதை வாங்கவில்லை.

"டீச்சர், ஒண்ணும் இல்லையே?" என்றாள் ஒச்சம்மாள்.

பர்வீன் பிள்ளையின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.