அம்மனுக்கு வைத்த முதல் காய்

என் வீட்டுக்காரர் தேசப்பன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்து, இருமலோடு ஊர் திரும்பியவர். மறுபடி அந்தப் புகையில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் நெல் விளைந்த நிலத்தில் முதல் தடவையாகப் பருத்தி போட்டோம். அது கைவிட்டால் அவர் திரும்பவும் உலைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

"மரபணு மாத்தின விதைம்மா. செடிக்குள்ளயே புழுவுக்கு விஷம் கீது. காய்ப்புழு கிட்டயே வராது" என்றான் ஊத்துக்கோட்டை விதைக்கடைக்காரன். புழு அந்த விஷத்துக்குப் பழகிப்போனதை அவன் வாய் திறந்து சொல்லவில்லை. நல்லா இருக்கட்டும்.

செடி தளதளவென்று வளர்ந்தது. காயும் பிடித்தது. ஆனால் சில பூக்கள் விரியாமல் சுருட்டிக்கொண்டு நின்றன. உள்ளே புழு புகுந்தால்தான் பூ அப்படி நிற்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஒரு காய உடைச்சுப் பாக்கலாம்யா."

"அம்மனுக்குப் படைக்காம கை வெப்பியா? நெல்லுல வெச்சிருக்கியா?"

"நெல்லுல புழு உள்ள பூந்து ஒக்காந்துக்கினா இருக்குது?"

"வெளிய ஒரு ஓட்டை இல்ல. சும்மா பேஜாரு பண்ணாத."

எங்கள் ஊரில் முதல் விளைச்சல் அம்மனுக்கு. அதுவரை யாரும் பயிரில் கை வைக்க மாட்டோம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் சாமியையும் கடைக்காரனையும் ஒன்றாக நம்புகிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது?

படையல் அன்று ஒரு கூடை காயைப் பறித்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். தாம்பாளத்தில் வைத்து முதல் காயை அவரே பிளந்தார். பஞ்சு மஞ்சளாக அழுகிக் கிடந்தது. நடுவில் ரோஸ் கலரில் ஒரு புழு நெளிந்தது. இன்னொன்றைப் பிளந்தார். அதிலும் புழு. கூடை காலியாகும்வரை பிளந்துகொண்டே இருந்தார்.

"அம்மா முன்னாடி புழுவக் கொண்டாந்து வெச்சுட்டனே" என்று அழுதார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத்தான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. பயிர் போனதை விட, சாமிக்குத் தப்பு செய்துவிட்டோமே என்றல்லவா அழுகிறார்? விதை விற்றவன் அழவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றோம். இருமலுக்கு நடுவே கேட்டார்.

"பாதியாவது தேறுமா?"

"தேறும். நீ போய் வா."

முந்தின நாளே வயல் முழுக்க உடைத்துப் பார்த்துவிட்டேன். பஸ் கிளம்பியதும் செடிகளைப் பிடுங்கப் போனேன்.