சின்ன வண்டி போதும்

மருதைக்கு இடது காலில் செருப்பு நிற்காமல் போனதுதான் முதல் அடையாளம். வரப்பில் நடந்துகொண்டே இருப்பார். செருப்பு பின்னால் எங்கேயோ கிடக்கும், அவருக்கே தெரியாது. மனைவி வேணிதான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள். புதுச் செருப்பு வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று திட்டுவாள். புதுச் செருப்பும் நிற்கவில்லை.

திருச்சியில் நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள். பரிசோதனையெல்லாம் முடிந்ததும் டாக்டர் மருதையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வேணியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இது குணமாகிற நோய் இல்லை. கால், கை, பேச்சு, மூச்சு என்று ஒவ்வொன்றாக அடங்கிப்போகும். இரண்டு மூன்று வருஷம் ஓடினால் பெரிது என்று மெதுவாகச் சொன்னார். வேணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நரம்புத் தளர்ச்சிதானாம், மாத்திரையும் உடற்பயிற்சியுமாக இருந்தால் சரியாகிவிடுமாம் என்றாள். மருதை தலையாட்டினார். பசிக்கிறது, எங்கேயாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

அவர்களுடைய நிலம் திருவளர்சோலையில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, பாதி வாழையும் பாதி நெல்லுமாக இருந்தது. சொந்த டிராக்டர் கிடையாது. வாடகை வண்டிக்குக் காத்திருந்தே நாற்று முற்றிப்போன வருஷங்கள் உண்டு. அதனால் மருதைக்கு வெகுகாலமாக ஓர் ஆசை: ஐம்பது எச்.பி. வண்டி ஒன்று வாங்க வேண்டும். எத்தனை ஆழச் சேறானாலும் திணறாமல் போக வேண்டும். தன் வயலை உழுத கையோடு ஊர் வயலையும் உழ வேண்டும். நோய் வந்த பிறகும் அந்த ஆசை குறையவில்லை. அவசரம்தான் கூடியது.

வேணியின் மனசு சின்ன வண்டியில் இருந்தது. வாழை வரிசைக்கு நடுவே அதுதான் நுழையும். அவளே ஏறி ஓட்டலாம். நாளைக்கு நிலத்தைப் பார்க்கப்போவது அவள் ஒருத்திதான். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகள் சுபலட்சுமிக்கும் அவளுக்கும் அந்த வாழைதான் சோறு போட வேண்டும். ஆனால் சின்ன வண்டி என்று வாயைத் திறந்தால் ஏன் என்று கேட்பார். அதற்கு அவளிடம் இருந்தது ஒரே பதில்.

விஷயம் தெரிந்த இன்னொரு ஆள், காட்டூரில் இருந்த மருதையின் தம்பி ரெங்கராஜ். அண்ணனுக்குப் பிறகு அந்தப் பெரிய வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆசைப்பட்டுக் கேக்குறாரு தம்பி. என் வாயால வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் வேணி.

ஆவணியில் ஒரு காலை மன்னார்புரத்து டிராக்டர் ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே வேலை பார்த்த கிளமென்ட் என்பவர் வாசலில் நின்ற பெரிய வண்டியைக் காட்டினார். பக்கத்திலேயே சின்னது ஒன்றும் நின்றது. மருதை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரையும் கைகொடுக்க விடாமல், ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்து, மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை வேணி பார்த்து வெகுநாளாயிற்று.

கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார் கிளமென்ட். மருதை இடது காலை வைத்து அழுத்தினார். கிளட்ச் அசையவில்லை. தொடையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்தார். கால் வழுக்கிக்கொண்டு போய்த் தொங்கியது. கிளமென்ட் வேறு பக்கம் பார்த்தபடி, புது வண்டி இல்லையா, கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்றார். ஆமாம், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று வேணியும் சொன்னாள்.

மருதை குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டு கிளமென்ட்டை உள்ளே அனுப்பினார். பிறகு கீழே நின்ற வேணியைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்டப் போயிட்டு வந்ததுலேருந்து நீ என்கூட ஒரு சண்டைகூடப் போடலை."

அவள் தொங்கிய அவர் காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

"முன்னாடியெல்லாம் குழம்புல உப்பு கம்மின்னு சொன்னாலே விடமாட்ட. இப்ப அம்பது எச்.பி. வண்டி வேணும்ங்கிறேன், சரிங்கிற. இது வாழைக்குள்ள நுழையாதுன்னு உனக்குத் தெரியாதா? நீ எப்பச் சண்டைக்கு வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்லை. அதுலயே தெரிஞ்சுபோச்சு." ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே, "எவ்வளவு நாள்னு சொன்னாரு?" என்றார்.

"ரெண்டு மூணு வருஷம்."

அவர் மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள சுபா படிப்பை முடிச்சிரும்," என்றார். "என்னை இறக்கிவிடு. சின்னதுல நீ ஏறிப் பாரு."

"எத்தனை வருஷத்து ஆசைங்க."

"ஏறி உக்காந்துட்டேன்ல. போதும்."

அவள் அவரை இடுப்போடு அணைத்து இறக்கினாள். கிளமென்ட் தண்ணீரோடு வந்தபோது, வேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சின்ன வண்டியில் உட்கார்ந்திருந்தாள். எதுவும் கேட்காமல் அவர் அவளுக்குக் கியர் எது, பிரேக் எது என்று சொல்ல ஆரம்பித்தார்.

வண்டி வந்த பிறகு தினமும் வாழைத்தோட்டத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து மருதை அவளை ஓட்டவைத்தார். ஒருநாள் திருப்பத்தில் அவள் குலைதள்ளிய மரம் ஒன்றை இடித்துச் சாய்த்துவிட்டாள். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று கத்தினார். வெயிலும் பயமுமாக இருந்தவளுக்குச் சுருக்கென்று வந்தது. "அப்ப நீங்களே வந்து ஓட்டுங்க," என்று திருப்பிக் கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. எஞ்சினை அணைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். மருதை இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"இப்பத்தான் என் பொண்டாட்டி மாதிரி பேசுற," என்றார்.

டாக்டர் சொன்ன அளவுக்குக்கூட அவர் இருக்கவில்லை. அடுத்த சித்திரையில் பேச்சு குழறியது. ஐப்பசி அடைமழையில் மூச்சு நின்றது. சுபலட்சுமியின் படிப்பு பாதியில் இருந்தது.

காரியம் முடிந்ததும் நெல் வயலைப் பக்கத்து நிலத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டாள் வேணி. சேற்றில் இறங்க அவள் வண்டிக்குத் தெம்பில்லை. வாழையை அவளே பார்த்தாள். உழவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் சிலர் தங்கள் தோட்டத்துக்கும் அவளையே கூப்பிட்டார்கள்.

அப்படி ஒரு தோட்டத்தில் வேலையை முடித்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் கொள்ளிடக் கரையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். ஆற்றிலிருந்து காற்று வந்தது. ஏனென்று தெரியவில்லை, அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. அந்தச் சத்தம் இருந்தால் போகிறவர் வருகிறவர் காதில் விழாது என்று, வாய்விட்டு அழுதாள். அழுது தீர்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடது காலால் கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டாள். வீட்டில் சுபலட்சுமி உலை வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.